ஒரு மணித்தியாலம் நடக்கிறேன், நிறை ஏன் அசையவில்லை?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து வடிவாகக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது 38, உயரம் 158 சென்றிமீற்றர், நிறை 74 கிலோ. இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் பின்னேரம் பண்ணைப் பாலத்தில் ஒரு மணித்தியாலம் நடக்கிறார். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். பத்து மணிபோல் பசித்தால் நாலு கிறீம் கிரேக்கர் பிஸ்கட்டில் மாஜரீன் பூசி, ஒரு பால் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டுப் படுப்பாராம். முதல் இரண்டு கிழமையில் ஒன்றரைக் கிலோ இறங்கியது, பிறகு முள் அசையவே இல்லை. கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு ஒரு நடைக்கு 450 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது. "நடையை இரண்டு மணித்தியாலம் ஆக்கட்டோ, இல்லையென்றால் இவர் சொல்வதுபோல் சோற்றை அடியோடு நிறுத்தட்டோ?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, இரண்டும் வேண்டாம். உங்களுடைய முயற்சியில் ஒரு குறையும் இல்லை. கணக்குத்தான் உங்களை ஏமாற்றிவிட்டது.

முதலில் அந்த மணிக்கூட்டைப் பார்ப்போம். 74 கிலோ நிறை உள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் சுமார் 270 கலோரி செலவாகும். அந்த நேரம் வீட்டில் கதிரையில் இருந்திருந்தாலும் 70 கலோரிக்கு மேல் செலவாகித்தான் இருக்கும். அதைக் கழித்தால், நடந்ததால் கூடுதலாகச் செலவானது 200க்குக் கிட்டத்தான். 450 இல்லை. கையில் கட்டும் கருவிகளை 2017இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில்தான் பிழைத்தன. இருந்தவற்றில் திறமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழையாகக் காட்டியது. அதனால் மணிக்கூட்டை நேரம் பார்க்கவும் துடிப்பைப் பார்க்கவும் வைத்திருங்கள். அது சொல்லும் கலோரியை நம்பிச் சாப்பிடாதீர்கள்.

அந்த 200 எவ்வளவு சின்னது என்று விளங்க வேண்டுமென்றால், நடை முடிந்து கோட்டைப் பக்கம் நின்று வாங்கும் கச்சான் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் கச்சானில் 280 கலோரி இருக்கிறது. கச்சான் நல்ல சாப்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கதைத்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் கொறித்து முடித்தது ஒரு மணித்தியால நடையை விடப் பெரியது. மூன்று தேக்கரண்டி சீனியும் மாப்பாலும் போட்ட தேத்தண்ணி ஒன்று 120 வரும். நீங்கள் பத்து மணிக்குச் சாப்பிடும் பிஸ்கட், மாஜரீன், தேத்தண்ணி மூன்றையும் கூட்டினால் முந்நூறைத் தாண்டிவிடும். இரவுச் சாப்பாட்டை விட்டதாக நினைக்கிறீர்கள். அது பிஸ்கட்டாக மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் இரண்டு மணித்தியாலம் நடந்தால் என்ன என்று கேட்பீர்கள். தன்சானியாவில் ஹட்ஸா என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள், நாள் முழுக்க நடை. ஹேர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், மேற்கு நாடுகளில் இருந்த இடத்தில் வேலை செய்பவர்கள் செலவழிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடையில் கூடச் செலவழித்தால் உடம்பு வேறு வேலைகளில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இதை நீங்களே உங்கள் வீட்டில் பார்க்கலாம். நன்றாக நடந்துவிட்டு வந்த அன்று களைப்பில் கதிரையை விட்டு எழும்ப மனம் வராது. தண்ணீர்கூடப் பிள்ளையைத்தான் எடுத்துவரச் சொல்வோம். பசியும் கூட எடுக்கும்.

எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் எல்லோரும் சைக்கிள்தான், அதனால்தான் ஒருவருக்கும் வண்டி வைக்கவில்லை என்று. சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் உழக்கியவர்களுக்கு அது எவ்வளவு பாடு என்று தெரியும், நான் அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் சீனிக்கும் எண்ணெய்க்கும் மாவுக்கும் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். சைக்கிள் மட்டும் செய்த வேலை இல்லை அது.

சரி, அடுப்படிக்கு வருவோம். நிறை குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

போன மாதம் அம்மா புட்டு அவிக்கும்போது சமையல் தராசை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். இரண்டு பேருக்கு 200 கிராம் வறுத்த அரிசிமா. கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, கொத்தி, மணிமணியாக வந்த பிறகு தேங்காய்ப்பூ போடப் போனார். "அம்மா, அதை ஒருக்கா இதில் வையுங்கோ" என்றேன். வைத்தார், 100 கிராம். பிறகு கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு அவித்தார். அப்போது ஒருவருக்கு மா 100 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம். மாவில் 360 கலோரி, தேங்காய்ப்பூவில் 175. கறி, சம்பல், சொதி ஒன்றும் தொடாமலே 530 தாண்டிவிட்டது. சம்பலும் தேங்காய், சொதியும் தேங்காய். ஒரே கோப்பையில் தேங்காய் மூன்று தரம் வருகிறது.

புட்டை விடச் சொல்லவில்லை. மாவை 75 கிராமும் தேங்காய்ப்பூவை 20 கிராமும் ஆக்குங்கள். 340 வரும். 190 கலோரி குறைந்துவிட்டது, உங்களுடைய ஒரு மணித்தியால நடை அதிலேயே வந்துவிட்டது. கோப்பையில் காலியான இடத்துக்குக் கீரையும் ஒரு துண்டு மீனும், இல்லையென்றால் ஒரு முட்டையும் வையுங்கள். பசி தாங்கும்.

சோறும் அப்படித்தான், நிறுத்தத் தேவையில்லை. அளவைக் குறைத்தால் காணும். குத்தரிசி என்றால் நல்லது, தவிடும் நாரும் கிடைக்கும். ஆனால் கலோரி வெள்ளைப் பச்சையரிசிக்குக் கிட்டத்தான், ஆகவே குத்தரிசி என்று சொல்லி இரண்டு மடங்கு போடக்கூடாது. சோற்றை விட நான் பயப்படுவது கத்தரிக்காய்ப் பொரித்த குழம்புக்கு. கத்தரிக்காய் எண்ணெயைப் பஞ்சுபோல் குடிக்கும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டிலும் இதைக் கவனியுங்கள். ஒரு நேரம்தான் சாப்பிடுகிறோம், ஆனால் அந்த ஒரு நேரத்தில் வடை, அப்பளம், மோர்மிளகாய், பாயாசம் எல்லாம் வந்து நிற்கும்.

இப்போது உங்களுடைய கணக்கு. உங்கள் வயது, உயரம், நிறையைப் போட்டுப் பார்த்தால் சும்மா படுத்திருந்தாலே நாளுக்கு 1375 கலோரி போகும். வீட்டு வேலைகளோடு சேர்த்துச் சுமார் 1800 என்று வையுங்கள். சாப்பாட்டை 1450 அளவில் வைத்தால் 350 மிச்சம், நடையில் 200, ஆக 550. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. இரண்டு கிழமைக்கு ஒரு கிலோ என்று வருகிறது. உடம்பு கணிதக் கொப்பி இல்லை, ஒரு கிழமை கூடும், ஒரு கிழமை குறையும், நிறை இறங்க இறங்கச் செலவும் குறையும். ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு அளவு வேண்டும். 1200க்குக் கீழே நீங்களாக இறங்க வேண்டாம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முதல் இரண்டு கிழமையில் போன ஒன்றரைக் கிலோவிலும் ஒரு பங்கு தண்ணீர்தான்.

தசையைக் காப்பாற்றத்தான் மீன், முட்டை, பருப்பு, பயறு. அதோடு கிழமையில் இரண்டு நாள் நடையைச் சுருக்கிவிட்டு, கதிரையில் கை பிடிக்காமல் இருந்து எழும்புவதைப் பத்துப் பத்தாக மூன்று தரம் செய்யுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்குங்கள். காசு கொடுத்து ஜிம்முக்குப் போக வேண்டும் என்றில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நடையை விட்டுவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் நித்திரைக்கும் இதயத்துக்கும் நடை செய்யும் வேலையைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் செய்யாது. கஷ்டப்பட்டு இறக்கிய நிறை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதிலும் நடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்று சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள். நேரத்தைக் கூட்டாமல் வேகத்தைக் கொஞ்சம் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. இடையிடையே இரண்டு நிமிடம் எட்டிப் போட்டு நடந்து, பிறகு மூன்று நிமிடம் ஆறுதலாக நடவுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்கள், சாப்பாட்டையும் குறைத்து நடையையும் கூட்டினால் சீனி திடீரென்று இறங்கும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுந்தவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் டொக்டரிடம் கதைத்து மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகு தொடங்குங்கள்.

தங்கச்சி, தராசில் ஒவ்வொரு நாளும் ஏறி மனம் நோக வேண்டாம். மாதவிலக்குக்கு முன்னும் உப்புச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு கிலோ கூடிக் காட்டும், அது தண்ணீர். கிழமைக்கு ஒரு நாள், காலமை, ஒன்றும் குடிக்காமல் நிறுத்துப் பாருங்கள். ஒரு நூலெடுத்து இடுப்பையும் அளவுங்கள். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. முள் அசையாத கிழமையிலும் நூல் குறைந்திருக்கலாம்.

அப்புறம், நாளைக்கே ஒன்றையும் மாற்ற வேண்டாம். மூன்று நாளைக்கு வாயில் வைப்பது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டால் அதையும், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்பதையும் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கே கை வைக்கலாம் என்று அடுத்த கிழமை அதை வைத்தே கதைப்போம்.