புகைக்கு வழிவிட்டு வளர்ந்த வீடு: ஆன் ஹாத்வே குடிலின் கட்டடக்கலை

[காட்சி: தோட்டத்துப் பக்கமிருந்து வீடு முழுவதும்]

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவன் நகரை அடுத்த ஷாட்டரியில் நிற்கும் இந்த வைக்கோல் கூரை வீட்டை, 1582-இல் ஷேக்ஸ்பியரை மணந்த ஆன் ஹாத்வே வாழ்ந்த வீடு என்பதற்காகவே பலரும் காண வருகின்றனர். குடில் என்று அழைக்கப்பட்டாலும், இது 12 அறைகள் கொண்ட பண்ணை வீடு. ஒரே வீச்சில் கட்டப்பட்டதும் அன்று. அடுப்புப் புகையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு அடுத்தடுத்த தலைமுறைகள் கண்ட விடைகளே இதன் அமைப்பைப் பெரிதும் தீர்மானித்தன.

[காட்சி: உட்புறம், வளைந்த ஓக் மரங்கள்]

500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பகுதியைத் தாங்குபவை சுவர்கள் அல்ல. இயல்பாகவே வளைந்த ஓக் மரத்தை நீளவாக்கில் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் இணைத்தால் ஒரு வளைசட்டம் கிடைக்கும். அத்தகைய சட்டங்கள் அடித்தளத்திலிருந்து முகடு வரை எழுந்து கூரையின் பாரத்தைச் சுமக்கின்றன. அந்நாளில் இத்தகைய வீடுகளின் நடுக்கூடத்துக்கு மேல்மாடி கிடையாது. தரையில் எரிந்த தீயின் புகை கூரை வரை எழுந்து, கிடைத்த இடைவெளிகளில் கசிந்து வெளியேறியது.

செங்கல்லும் கல்லும் கொண்ட புகைபோக்கி வந்தபின் அந்த உயரமான வெற்றிடம் தேவையற்றதாயிற்று. கூடத்தின் குறுக்கே உத்தரங்களைப் பாய்ச்சிப் பலகைத் தளம் அமைத்து, மேலே படுக்கையறைகளை உருவாக்கினர். என் கணிப்பில், இந்த வீட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. ஆனின் சகோதரர் பார்தலோமியூ 1610-இல் இதனை விலைக்கு வாங்கினார். உயரமான கூரையுடன் தனித்துத் தெரியும் பகுதி அந்த 17-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது.

[காட்சி: சுவரின் அண்மைத் தோற்றம்]

மரச்சட்டங்களின் இடைவெளிகளில் ஹேசல் என்னும் புதர்மரத்தின் குச்சிகளைப் பின்னி, களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றைக் குழைத்து அப்பியதே பழைய சுவர். ஈரம் மரத்தில் ஏறாதபடி அடியில் கல் வரிசை உண்டு.

[காட்சி: கூரையும் இறவாரமும்]

வைக்கோல் நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை; ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குக் கடத்தி விடுகிறது. கூரை ஏறத்தாழ 50 பாகை சரிவில் இருந்தால்தான் மழைநீர் மேற்பரப்போடு வழிந்தோட, உள் அடுக்குகள் காய்ந்தே இருக்கும். அதனால்தான் இத்தனை செங்குத்தான கூரை. இறவாரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதும் சொட்டும் நீர் மண்சுவரைத் தொடாமலிருக்கவே. மாடி ஜன்னல்களின் மேல் வைக்கோல் புருவம்போல் வளைந்து செல்வதற்கும் காரணம் அழகு மட்டுமன்று: கூர்மையான மூலை இருந்தால் அங்கே நீர் தேங்கி வைக்கோல் மக்கிவிடும்.

புகைபோக்கிகள் முகட்டைத் தாண்டி உயர்ந்து நிற்பதால் தீப்பொறிகள் கூரையில் விழும் வாய்ப்புக் குறைகிறது. ஆயினும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 1892-இல் வாங்கிய இந்த வீடு 1969-இல் தீயினால் பெரும் சேதமடைந்தது. அதன்பின் செப்பனிடப்பட்டபோதும், கூரை மீண்டும் வைக்கோலாலேயே வேயப்பட்டது.