கடைசி இருபது நிமிடங்கள்: ஆசியக் கோப்பைக்குச் செல்லும் இந்திய மகளிர் அணி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் மார்ச் 1 ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் தொடங்கவிருக்கும் 2026 மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் நம் இந்திய அணி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். மகளிர் கால்பந்தை நெடுங்காலமாக மைதானத்தின் ஓரத்தில் நின்று கவனித்து வரும் எனக்கு, இதைவிட மகிழ்ச்சியான அழைப்பு வேறு இருக்க முடியாது.

முதலில் களத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அணிகள், நான்கு நான்காக மூன்று குழுக்களில் ஆடுகின்றன. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளோடு, மூன்றாம் இடம் பெறும் மூன்று அணிகளில் சிறந்த இரண்டும் கால் இறுதிக்குச் செல்லும். கால் இறுதியில் வெல்லும் நான்கு அணிகளுக்கும் பிரேசிலில் 2027 இல் நடக்கும் உலகக் கோப்பையில் நேரடியாக இடம் உண்டு. தோற்கும் நான்கு அணிகளுக்கும் இன்னுமோர் ஆட்டம் தரப்பட்டு, அதில் வெல்லும் இரண்டும் உலகக் கோப்பைக்குப் போகும். ஆகவே கால் இறுதியை எட்டிவிட்டால் உலகக் கோப்பைக்கு ஒன்றல்ல, இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

இந்தியாவின் குழுவில் வியட்நாம், ஜப்பான், சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவான் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மார்ச் 4 ஆம் தேதி பெர்த்தில் வியட்நாம், 7 ஆம் தேதி அதே நகரில் ஜப்பான், 10 ஆம் தேதி சிட்னியில் சீன தைபே என்று ஆட்ட வரிசை அமைந்திருக்கிறது. மூன்றுமே நமக்குப் பழகிய அணிகள். 2023 அக்டோபரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் ஏழு கோல்கள் வாங்கித் தோற்றோம். வியட்நாமிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். அதற்கு முந்தைய மாதம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீன தைபேயிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஆனால் அதே தைபேயை 2021 இல் பஹ்ரைனில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றும் இருக்கிறோம். இந்தக் கணக்குகளைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டிய அவசியம் இல்லை என்று நான் கருதுவதற்கு, சென்ற ஆண்டு தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த ஓர் ஆட்டமே காரணம்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதியுங்கள். 2025 ஜூலை 5 ஆம் தேதி, தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். மங்கோலியாவை 13 கோல்களிலும், திமோர் லெஸ்தேவை 4 கோல்களிலும், ஈராக்கை 5 கோல்களிலும், ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காமல் வென்றிருந்த இந்தியாவும், அதே போல் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த தாய்லாந்தும் நேருக்கு நேர் நின்றன. குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வாய்ப்பு. ஆட்டம் நடந்ததோ தாய்லாந்தின் சொந்த மண்ணில். 2015, 2019 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி அது. 28 ஆவது நிமிடத்தில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. இடைவேளை முடிந்து இரண்டு நிமிடங்கள்கூட நிற்கவில்லை, தாய்லாந்து சமன் செய்துவிட்டது. இத்தகைய தருணத்தில் நம் அணிகள் தளர்ந்துபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அன்று தளரவில்லை. 74 ஆவது நிமிடத்தில் அதே சங்கீதா இரண்டாவது கோலையும் அடித்தார். அதற்குப் பிறகு எஞ்சிய நேரம் முழுவதும், களைத்த கால்களோடு, அந்த ஒரு கோல் முன்னிலையை நம் பெண்கள் காத்து நின்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் அணி செல்வது அதுவே முதல் முறை.

கோலை அடித்ததைவிட, அடித்த பிறகு காத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். கடைசி இருபது நிமிடங்கள்தாம் நம் அணியின் உண்மையான சோதனை என்பதை நான் எங்கு பேசினாலும் சொல்லிவருகிறேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

நேயர்கள் அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, சற்று நேரம் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்ட வீராங்கனையைக் கவனியுங்கள். பந்து வலப்பக்கம் போனால், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஏழெட்டு அடி உள்ளே நகர்ந்து நடுவில் இருப்பவருக்குத் துணையாக நிற்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அவர் அதைத் தவறாமல் செய்வார். எழுபது நிமிடம் தாண்டியதும், கையை இடுப்பில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அவர் நகராத அந்த ஏழெட்டு அடி இடைவெளியில்தான் எதிரணி கோல் போடுகிறது. பயிற்சி முகாமில் ஓடி ஓடி உடலுக்கு வலிமை சேர்க்கலாம். ஆனால் களைப்புக்கு நடுவிலும் எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பழக்கம், நெருக்கடியான ஆட்டங்களை வாரந்தோறும் ஆடினால் மட்டுமே வரும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டில் 1980 இல் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இறுதி ஆட்டம் வரை சென்றது. 1983 இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம் பெற்றது. இடையில் 1981 இல் ஹாங்காங்கில் நாம் மூன்றாம் இடம் பெற்றோமே, அந்தப் போட்டியில்தான் ஜப்பான் மகளிர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தையே ஆடியது. நாம் பதக்க மேடையில் நின்றபோது அவர்கள் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2011 இல், அவர்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். ஜப்பான் தன் மகளிருக்கான தேசிய லீக்கை 1989 இல் தொடங்கியது. நம் இந்திய மகளிர் லீக் தொடங்கியது 2017 இல். இடையில் கழிந்த 28 ஆண்டுகளில் நம் பெண்கள் ஆடாமல் விட்ட ஆட்டங்களைத்தான் ஏழு கோல் தோல்வியில் பார்த்தோம். இன்றும் ஜப்பானின் முதல்நிலை லீக்கில் பன்னிரண்டு அணிகள், ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள். நம் லீக்கில் 2024–25 பருவத்தில் எட்டு அணிகள், ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். இந்த வேறுபாடு எனக்கு நெடுநாள் வருத்தம்.

அப்படியானால் மார்ச்சில் நமக்கு வாய்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். என் கணிப்பில், எல்லாம் வியட்நாம் ஆட்டத்தில் இருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் ஆடிய அணிதான் என்றாலும், தாய்லாந்தை வென்றவர்களுக்கு வியட்நாம் எட்டாத உயரம் அன்று. ஜப்பானை வெல்லும் நம்பிக்கை எனக்கு இல்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஜப்பானிடம் எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்கிறோம் என்பது மிக முக்கியம். மூன்றாம் இடத்து அணிகளை ஒப்பிடும்போது புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும் என்பதால், 70 ஆவது நிமிடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்தாலும், நான்காவது, ஐந்தாவது கோலைத் தடுப்பது ஒரு வெற்றிக்குச் சமமாகிவிடலாம். மீண்டும் அதே கடைசி இருபது நிமிடங்கள். வியட்நாமையோ சீன தைபேயையோ ஒருமுறை வென்று, ஜப்பானிடம் அடக்கமான கணக்கில் தோற்றால், கால் இறுதி நம் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

சீன தைபே ஆட்டத்துக்கு வேறொரு கடனும் இருக்கிறது. 2022 இல் நம் நாட்டிலேயே நடந்த ஆசியக் கோப்பையில், ஈரானுடன் கோலின்றிச் சமன் செய்த பின், அணிக்குள் கொரோனா பரவியதால் தைபேயுடன் ஆட வேண்டிய ஆட்டத்துக்குப் போதிய வீராங்கனைகள் இல்லாமல், போட்டியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. அன்று ஆட முடியாமல் போன ஆட்டம் சிட்னியில் நடக்கப்போகிறது.

நேரம் நெருங்கிவிட்டதென்று நிலைய நண்பர் கை காட்டுகிறார். தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 2017–18 இலும் 2022–23 இலும் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் வென்றது நம் மாநில அணி. 2019 இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்.சி.; காவல் துறையில் பணியாற்றிக்கொண்டே இந்தியாவுக்காக ஆடிவரும் கடலூர் இந்துமதி கதிரேசனைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். மார்ச் 4 ஆம் தேதி ஆட்டத்தை, முதல் நிமிடத்திலிருந்து முடியாவிட்டாலும், எழுபதாவது நிமிடத்திலிருந்தாவது அவசியம் பாருங்கள். நன்றி, வணக்கம்.