வலது கையில் எத்தனை பக்கம்?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சொந்தங்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் இடம்பிடித்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'வீட்டுக்குள் சாகசத்தைக் கொண்டுவருவது நல்ல நாவலா, புதிதாக வந்த நாய்க்குட்டியா?' என்பது தலைப்பு. நாய்க்குட்டிதான் என்று பேச வந்திருக்கிறேன். நூலக வார விழாவில், நூலகத்துக்குள்ளேயே நின்று, அதுவும் நம் காட்டுமன்னார்கோவிலில் நின்று நாவலுக்கு எதிராகப் பேசுவது எவ்வளவு கனமான காரியம் என்று எனக்குத் தெரியும். பொன்னியின் செல்வன் தொடங்குகிற வீர நாராயண ஏரி வேறெங்கோ இல்லை, நாம் தினமும் பார்க்கிற வீராணம்தான். ஆடிப்பெருக்கு அன்று அந்தக் கரையில் குதிரைமேல் வந்த வந்தியத்தேவன், எழுபத்து நான்கு கணவாய் உண்டென்று கேள்விப்பட்டு அதை எண்ணிக்கொண்டே போனான். பள்ளிக்கூட நாளில் நாங்களும் சைக்கிளில் போய் மதகு எண்ணியவர்கள்தான்.

எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். 'நாவலைத் திறந்தால் கோடிக்கரையில் படகேறி இலங்கைக்கே போகலாம். நாய்க்குட்டி வந்தால் வாசற்படி தாண்ட முடியாது' என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். பூங்குழலி துடுப்புப் போட்ட அந்தப் படகில் பன்னிரண்டு வயதில் நானும் போயிருக்கிறேன். அந்த நாவலைக் குறைத்து ஒரு சொல் என் வாயில் வராது.

ஆனால் நடுவர் அவர்களே, அதே கதையை என் பாட்டி வேறு மாதிரி படித்திருக்கிறார். 1950-லிருந்து 1954 வரை அது கல்கியில் வாராவாரம் வந்த தொடர். பாட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருந்தார். நடுக்கடலில் மின்னல் தாக்கிக் கப்பல் எரிகிறது, உள்ளே வந்தியத்தேவன். அந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி, 'அந்த வாரம் பூரா எனக்குச் சோறு எறங்கலடி' என்பார். எனக்கோ அந்த இடத்தில் சோறு இறங்கியது. ஏனென்றால் நான் படித்தது புத்தகமாக. இரண்டாம் பாகத்தில் கப்பல் எரிகிறது. மிச்சம் மூன்று பாகம் என் தலைமாட்டில் அடுக்கியிருக்கிறது. ஆள் பிழைத்துவிடுவான் என்று மனசுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல நாவல் படிக்கிற ஒவ்வொருவரும் இதைச் செய்து பாருங்கள். கதாநாயகன் கிணற்றில் விழுகிற இடத்தில் உங்கள் வலது கையைக் கவனியுங்கள். இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறதென்று விரல் சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டிக்கு அந்த வலது கை இல்லை. அடுத்த வாரம் என்ன என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. சாகசம் என்றால் அதுதான் என்கிறேன். அந்தத் தெரியாமையை என் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது இந்த ஆடியில் வந்த ஒரு நாட்டு நாய்க்குட்டி.

ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம். ஏரிக்கரையில் படையல் முடித்துத் திரும்பும்போது கருவேல மரத்தடியில் கிடந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளைக் கீற்று. தாய் நாயைக் காணோம். இருட்டுகிற வரை நின்று பார்த்தோம், வரவில்லை. ஏழாவது படிக்கிற என் மகள் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று கிடைத்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? வந்தியத்தேவன். கூப்பிடுவது தேவா. நாற்பத்தைந்து நாள் குட்டி இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர்.

முதல் ராத்திரி அழுதது. தாயின் வயிற்றோடு ஒட்டித் தூங்கியதற்குத் தனியாகத் தூங்கத் தெரியுமா? மகள் கட்டிலிலிருந்து கையைத் தொங்கப் போட்டாள். அது விரலை மோந்துவிட்டு, உள்ளங்கையில் தாடையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், ஐம்பது வயசு மனிதன் விடுகிற பெருமூச்சு. விடியும் வரை அவள் கையை எடுக்கவில்லை. காலையில் கை மரத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடம் போனாள்.

ஐந்தாம் நாள் தேவா பாலைத் தொடவில்லை. வாந்தி, அப்புறம் ரத்தமாகப் போனது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். முதல் தடுப்பூசி போடும் முன்பே தொற்றிவிட்டது. அந்த வைரஸைக் கொல்லும் மருந்து என்று தனியாக எங்களுக்கு எதுவும் இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்து, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கிற வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். என் சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத முன்னங்காலில் ஊசி குத்திப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. 'பொழைக்குமா டாக்டர்?' என்று மகள் கேட்டாள். 'ரெண்டு மூணு நாள் போகட்டும்மா' என்றார்.

எதிரணியைக் கேட்கிறேன். அந்த இரண்டு மூன்று நாளில் என் வலது கையில் எத்தனை பக்கம் இருந்தது? நாளைக்கு ஒரு அத்தியாயம் உண்டா, இன்றோடு முற்றும் போட்டுவிடுமா? எதைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். டிரிப்ஸ் ஏறும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியின் பழைய பைண்டைத்தான் வாசித்தாள். குரல் கேட்டுக்கொண்டிருந்ததால் குட்டி நடுங்காமல் படுத்திருந்தது. எதிரணிக்கு இது ஒரு மதிப்பெண், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வாசித்தவளின் கண் வரியில் ஒரு தடவை நின்றால் அந்தக் குழாய்ச் சொட்டில் இரண்டு தடவை நின்றது. நான்காம் நாள் காலையில் கஞ்சித் தண்ணீரை மூன்று நக்கு நக்கியது. மூன்றே மூன்று நக்கு. அவள் வாசலுக்கு ஓடி வந்து தெருவுக்கே சொன்னாள்.

இனி அந்த வாசற்படி. தம்பி, நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை ஒரு காலம் உண்டு. அப்போது எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைக் கண்டு பிற்பாடு பயப்படுவது குறையும். ஆனால் தடுப்பூசி வரிசை முடிய நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரை தெருத் தரையில் விட்டால் ஆபத்து. என்ன செய்வது? தேவா தேறியதும் ஒரு துண்டில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு தினமும் ஒரு தெருவைக் காட்டினோம். கரும்புச்சாறு இயந்திரத்தின் சலங்கைச் சத்தம். சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன். விரிகிற குடை. மீன்காரம்மாவின் கூடை. கோயில் நாகஸ்வரம் எடுத்ததும் அதன் காது இரண்டும் நிமிர்ந்து, மூக்கு நுனி துடித்து, என் கழுத்தில் அதன் இதயம் படபடவென்று அடித்தது. பத்து எண்ணுவதற்குள் அடங்கி, தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தது. நாற்பது வருஷமாக நான் நடக்கிற தெரு, நடுவர் அவர்களே. அதில் இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசற்படியை நாங்கள் எத்தனையோ தடவை தாண்டிவிட்டோம்.

'நாவல் செருப்பைக் கடிக்காது' என்றும் சொன்னார்கள். உண்மை. நாவல் நம்மிடம் எதையுமே கேட்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிராண்டி, 'எழுந்து வா, எனக்கு வெளியே போகணும்' என்று எந்தக் கதாநாயகனும் என்னைக் கூப்பிட்டதில்லை. வந்தியத்தேவன் ஆதித்த கரிகாலனின் ஓலையை எடுத்துக்கொண்டு எத்தனை ஆபத்தைத் தாண்டினான் என்று நாம் வியக்கிறோம், பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குகிறோம். அவனுக்கு நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இருட்டைக் கண்டால் அறையை விட்டு வராத என் மகள், இன்று குட்டிக்காகத் தனியாகக் கொல்லைப்பக்கம் போகிறாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கயிறு. அந்தத் தைரியம் அவளுக்குப் புத்தகப் பக்கத்திலிருந்து வந்தது அல்ல, கயிற்றின் மறுமுனையிலிருந்து வந்தது.

நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு சாட்சியை மட்டும் காட்டிவிட்டு இறங்குகிறேன். நாய்க்குட்டிக்குப் பால் பல் இருபத்தெட்டு. நாலு மாதம் போல விழத் தொடங்கும், அந்த இடத்தில் நாற்பத்திரண்டு பல் முளைக்கும். விழுகிற பல்லைப் பெரும்பாலும் அதுவே விழுங்கிவிடும், கண்ணில் படுவது அபூர்வம். இன்று காலை பாய் பெருக்கும்போது ஒன்று கிடைத்தது. இதோ, இந்தக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அரிசியை விடச் சின்னது, நுனி மட்டும் ஊசி. ஆகஸ்டில் டிரிப்ஸ் ஏறிக் கிடந்த குட்டியின் பல் இது.

நடுவர் அவர்களே, உங்கள் மேசையில் வைக்கிறேன். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகள் தீப்பெட்டியில் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறாள். இது ஏழாவது.

நன்றி, வணக்கம்.