அடுத்த போதகர் வருமுன் நாம் எழுத வேண்டியது

அன்பான சகோதர சகோதரிகளே, பெரியவர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இளம் பிள்ளைகளே,

நம் போதகர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். அடுத்த ஐயர் எப்போது வருவார்? ஆலயப் பொறுப்புக்குச் சபையார் தேர்ந்தெடுத்த சர்ச் வார்டன்கள் இருவரையும் வாசலில் நிறுத்திக் கேட்கிறோம். அவர்களிடம் தேதி இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு சேகரம், அதாவது ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதி, பல மாதங்கள் போதகர் இல்லாமல் இருப்பது இப்போது சாதாரணம். அந்த மாதங்களை வெறும் காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நினைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று நிற்கிறேன். இந்தக் காலத்தில் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை நமக்கு இருக்கிறது. அந்த வேலை நாம் யார், எங்கே இருக்கிறோம் என்பதை உண்மையாக எழுதுவது.

நம்மில் பலர் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் வளர்ந்தவர்கள். அங்கே திருமண்டலத்திலிருந்து மாற்றல் உத்தரவு வரும். ஒரு ஞாயிறு வழியனுப்பு, அடுத்த ஞாயிறு வரவேற்பு. இங்கே நடைமுறை முற்றிலும் வேறு. ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு புரவலர் உண்டு. பேட்ரன் என்று வார்டன்கள் சொல்வது அவரைத்தான். நடுக்காலத்தில் ஒரு நிலக்கிழார் தன் நிலத்தில் ஆலயத்தைக் கட்டி, அதற்குக் குருவை முன்மொழியும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த உரிமை கை மாறிக் கை மாறி இன்றுவரை வந்திருக்கிறது. இன்று சில சேகரங்களுக்குப் பேராயரே புரவலர். சிலவற்றுக்கு அரசர், சிலவற்றுக்கு ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், சிலவற்றுக்கு அறக்கட்டளைகள், இன்னும் சிலவற்றுக்குத் தனிக் குடும்பங்கள்கூட.

அப்படியானால் நமக்கு என்ன வேலை? 1986-இல் வந்த புரவலர் உரிமைச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. சேகரத்தின் காரியங்களைக் கவனிக்கும் சேகர மன்றம், அதாவது பிசிசி, தன் உறுப்பினர்களில் போதகர் அல்லாத இருவரைப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கும். புரவலர் ஒருவரை முன்மொழிந்தால் பேராயரும் சம்மதிக்க வேண்டும், இந்த இருவரும் சம்மதிக்க வேண்டும். இவர்களில் ஒருவர் மறுத்தாலும் அந்தப் பதவியை அவருக்குக் கொடுக்க முடியாது. புரவலர் வேண்டுமானால் தலைமைப் பேராயரிடம் முறையிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். அரசர் புரவலராக இருக்கும் இடங்களில் விதி கொஞ்சம் மாறும். சேகரங்களை இணைப்பது பற்றி யோசனை நடக்கும்போது பேராயர் புரவலரின் உரிமையைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, பொறுப்புக் குரு ஒருவரை நியமிக்கவும் முடியும். இருந்தாலும் பெரும்பாலான இடங்களில், நம்மோடு பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற இரண்டு சாதாரண மனிதர்களின் ‘சரி’ இல்லாமல் போதகர் வருவதில்லை. இது சின்ன உரிமை இல்லை.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இதையெல்லாம் தீர்மானிக்கிற கூட்டத்தில் விடைபெறும் போதகர் இருக்கக் கூடாது. அவருடைய துணைவர் மன்றத்தில் உறுப்பினராக இருந்தாலும் அவரும் இருக்கக் கூடாது. புரவலரும் இருக்கக் கூடாது. “போன ஐயரிடமே கேட்டால் நல்ல ஆளைச் சொல்வாரே” என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அவர்மேல் உள்ள அன்பினால் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நம்மோடு வாழப்போவது வருகிறவர். அவரைப் பற்றிய பேச்சில், போனவரின் மனம் நோகுமோ என்ற தயக்கம் நுழையவே கூடாது. சட்டம் எழுதியவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, அந்தக் கூட்டம் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு வருவோம். சேகரத்தின் நிலைமை, தேவைகள், மரபுகள் ஆகிய மூன்றையும் விவரித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். வழக்கத்தில் பேரிஷ் புரொஃபைல் என்பார்கள். விண்ணப்பிக்க நினைக்கிற குருவானவர் முதலில் படிப்பது அதைத்தான். நம்மை அவர் சந்திக்கும் முதல் இடமே அந்தப் பக்கங்கள்.

அதில் என்ன எழுதப்போகிறோம்? “எங்கள் சபை அன்பான சபை, எல்லோரையும் வரவேற்கும் குடும்பம்.” எல்லாச் சபைகளும் இதையே எழுதுகின்றன. படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அப்புறம் ஆசைப் பட்டியல் வரும். வயது குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அனுபவம் நிறைய வேண்டும். பிள்ளைகளோடும் பழக வேண்டும், முதியோர் வீட்டுக்கு வாராவாரம் போக வேண்டும், பிரசங்கம் நன்றாக இருக்க வேண்டும், கணக்கு வழக்கும் தெரிய வேண்டும், எப்போது கூப்பிட்டாலும் தொலைபேசியை எடுக்க வேண்டும். இப்படி ஒரு மனிதர் எங்கும் இல்லை. 2011 முதல் நடைமுறையில் இருக்கும் பணி விதிகளின்படி போதகருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வும், ஆண்டுக்கு 36 நாள் விடுப்பும் உண்டு. நம் பட்டியலைப் படித்துப் பார்த்தால் அந்த ஓய்வு நாளை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது தெரியும்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாம் எழுதும்போது ‘சேகரம்’ என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் சேகரம் என்பது நிலத்தில் வரைந்த எல்லை. ஏறக்குறைய 12,500 சேகரங்கள் நாடு முழுவதையும் பங்கு போட்டிருக்கின்றன. ஏதோ ஒரு சேகரத்துக்குள் வராத வீடு இந்த நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். அந்த எல்லைக்குள் குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் வரப்போகிறவர்தான் போதகர். ஆலயத்துக்குள் கால் வைக்காதவருக்கும், வேறு மதத்தில் இருப்பவருக்கும், கடவுளே இல்லை என்பவருக்கும்.

இது பேச்சுக்குச் சொல்வது அல்ல, சட்டத்திலேயே இருக்கிறது. இந்த எல்லைக்குள் குடியிருப்பவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தாலும் பொதுவாக இந்த ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ள உரிமை உள்ளவர். கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்தால் இங்கேயே அடக்கம் செய்யப்படவும் உரிமை உண்டு. வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரக் கூட்டத்தைப் பாருங்கள். சபைப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் மட்டுமல்ல, இந்தச் சேகரத்தில் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கிற எவரும் அதில் வந்து வாக்களிக்கலாம். நம் எதிர் வீட்டில் இருக்கிற முஸ்லிம் சகோதரருக்கும் வாக்கு உண்டு. பலர் இதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது.

ஆகவே அறிக்கையை எழுத உட்காருமுன் எல்லையை நடந்து பார்க்க வேண்டும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகப் போவோம். எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் திருச்சபைப் பள்ளி எது? அங்கே போதகர் நிர்வாகக் குழுவிலும் உட்கார வேண்டியிருக்கும். முதியோர் இல்லங்களில் யார் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க யார் வருகிறார்கள்? உணவு வங்கிக்கு வருகிறவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள்? புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடியேறியவர்களின் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா? இரவு வேலைக்குப் போய்க் காலையில் வந்து தூங்குகிறவர்களுக்கு நம் ஆராதனை நேரம் எப்படிப் பொருந்தும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் சேகரவாரியாகவே கிடைக்கின்றன. எண்களையும் பார்ப்போம், ஆனால் எண்களோடு நின்றுவிடக் கூடாது. கடைக்காரரிடம், பள்ளித் தலைமை ஆசிரியரிடம், மருத்துவமனைச் செவிலியரிடம் நேராகவே கேட்கலாம்: “இந்த ஊருக்கு ஒரு போதகர் வருகிறார். அவர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?” இப்படி யாரும் அவர்களிடம் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நம்மைப் பற்றிய உண்மை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் ஒருவர் ஆலயத்தைப் பரிசோதித்து அறிக்கை தருகிறார். கூரை ஒழுகுகிறது என்று அதில் இருந்தால் நம் அறிக்கையிலும் அது இருக்கட்டும். காணிக்கை குறைந்திருந்தால் அதையும் சொல்வோம். காலை எட்டு மணி ஆராதனைக்காரர்களுக்கும் பத்து மணி ஆராதனைக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும்தான். “இதையெல்லாம் எழுதினால் யார் வருவார்கள்?” என்று பயப்படுகிறீர்கள். மறைத்து எழுதினால் வருகிறவர் முதல் குளிர்காலத்திலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். அதோடு, நாம் மறைத்தோம் என்பதையும் தெரிந்துகொள்வார். பெண் பார்க்கப் போகும்போது வீட்டுக் கடனை மறைப்பது போன்ற வேலை அது. உண்மையைப் படித்த பிறகும் ஒருவர் விண்ணப்பித்தால், அவர்தான் நமக்கு வேண்டியவர்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் ஹோலி டிரினிட்டி ஆலயம் இருக்கிறது. 1782-இல் ஈலி பேராயர் அதற்கு சார்லஸ் சிமியோன் என்ற இளைஞரை நியமித்தார். வயது 23. சபையாருக்கு அவர் வேண்டாம். அங்கே ஏற்கெனவே உதவிக் குருவாக இருந்தவரைத்தான் கேட்டிருந்தார்கள். அவர்கள் விருப்பத்தைக் கேட்டு நடக்க வேண்டும் என்று அன்று எந்த விதியும் இல்லை. கோபத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் ஆலய இருக்கைகளுக்குக் கதவும் பூட்டும் உண்டு, குடும்பத்துக்கு ஒன்று. எல்லோரும் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கேட்க வந்த மற்ற மக்கள் ஆலயத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் தன் செலவில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார். வார்டன்கள் அவற்றைத் தூக்கி ஆலய வளாகத்தில் எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சபையாரிடம் இருந்தது. அதையும் பல ஆண்டுகள் அவருக்குக் கொடுக்கவில்லை.

அவர் போகவில்லை. 1836-இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அதே ஆலயத்தில் இருந்தார். அவருக்கு உதவிக் குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின்தான் பிறகு இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்தவர். சேகரங்களின் புரவலர் உரிமையை விலைக்கு வாங்கி, நல்ல போதகர்களை அமர்த்துவதற்காக சிமியோன் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட சேகரங்களுக்குப் புரவலராக இருக்கிறது.

சிமியோனின் பொறுமையை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அந்தச் சபையாரைப் பற்றியும் கவலை உண்டு. தங்களுக்குப் பழகிய முகம் வேண்டும் என்று கேட்டார்கள், அது கிடைக்காதபோது பூட்டுகளை எடுத்தார்கள். தங்கள் சேகரத்துக்கு என்ன தேவை என்று யாராவது கேட்டிருந்தால், நடைபாதையில் நின்ற அந்த ஏழை மக்களைப் பற்றி அவர்கள் சொல்லியிருப்பார்களா? அன்று யாரும் கேட்கவில்லை. இன்று நம்மிடம் சட்டமே கேட்கிறது. நாமும் பழகிய முகத்தை மட்டும் கேட்டுவிட்டு, நிற்பவர்களை விட்டுவிடக் கூடாது.

போதகர் இல்லாத இந்த மாதங்களில் ஆராதனைகள் நிற்காது, அதைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். வார்டன்களும், வட்டாரத்துச் சேகரங்களைக் கவனிக்கும் குருவான வட்டார டீனும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற குருமார் வந்து திருவிருந்து நடத்துவார்கள். ரீடர்கள் என்கிற, உரிமம் பெற்ற, குரு அல்லாத ஊழியர்கள் காலை ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். வார்டன்களுக்கும் வேலையும் குடும்பமும் உண்டு. அடக்க ஆராதனைக்கு ஏற்பாடு செய்வதிலிருந்து கொதிகலன் பழுதுவரை எல்லாவற்றையும் அந்த இரண்டு பேர் தலையில் வைக்காமல் நாமும் கை கொடுக்க வேண்டும்.

கடைசியாக, தமிழ் பேசுகிற நம்மைப் பற்றி. பாத்திரம் கழுவ, நாற்காலி போட, உணவு சமைக்க நாம் முன்னால் நிற்கிறோம். பிசிசி தேர்தல் என்றால் பின்னால் போய்விடுகிறோம். “நமக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறோம். நம் தாத்தா பாட்டிகள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் பிள்ளைகள் பள்ளியில் படுகிற பாட்டை யார் எழுதுவார்கள்? நாம் சொல்லாவிட்டால் அந்த அறிக்கையில் நாம் இருக்க மாட்டோம். வருகிற போதகரும் நம்மைத் தற்செயலாகத்தான் கண்டுபிடிப்பார்.

சபைப் பட்டியலில் சேர ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும். 1947-இல் உருவான சி.எஸ்.ஐ. திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையோடு ஐக்கியத்தில் இருக்கிறது. ஆகவே சி.எஸ்.ஐ.யில் வளர்ந்து இந்த எல்லைக்குள் குடியிருப்பவர் நேராகவே சேரலாம். எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள், ஆறு மாதம் தொடர்ந்து இங்கே ஆராதித்திருந்தால் சேரலாம். மற்றத் திரித்துவச் சபைகளைச் சேர்ந்தவர்களுக்கும் அதே ஆறு மாதம்தான், இங்கிலாந்துத் திருச்சபையின் உறுப்பினர் என்றும் அறிவிக்க வேண்டும். பட்டியலில் ஆறு மாதம் ஆன பிறகு மன்றத் தேர்தலிலும் நிற்கலாம். இப்போது மன்றத்தில் இல்லாவிட்டாலும் அறிக்கைக்குத் தகவல் கொடுக்க யாருக்கும் தடை இல்லை. தமிழில் எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்க்கிற வேலையை இங்கே இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வாசல் பக்கத்து மேசையில் பட்டியலில் சேர்வதற்கான படிவங்கள் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் சேகரத்தின் வரைபடம் ஒட்டியிருக்கிறது. எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள் என்று அதிலேயே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான்கு தெருக்களுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.