பனைக்காகப் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'திருநெல்வேலிச் சீமையை வாழவைத்தது நெல்லா, பனையா?' இதுதான் தலைப்பு. நெல் அணியில் பேசிய அண்ணாச்சி சிவகளை அகழாய்வை எடுத்து வைத்தார். முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 வருஷம் வயது, இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார். சான்றை நான் மறுக்கவில்லை, கும்பிடுகிறேன். ஆனால் அது தாமிரபரணிப் படுகை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துச் சனம் எதைத் தின்று பிழைத்தது? நான் அந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்காரன், அதனால் கேட்கிறேன்.

நெல்லுக்கு நாம் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பனை தண்ணீரைத் தேடித் தானே இறங்கும். எப்படி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். புரட்டாசியில் பனங்கொட்டையை மண்மேட்டில் அடுக்கி வைப்போம். நாம் பார்க்கிற பல விதைகள் குருத்தை மேலே நீட்டும்; பனங்கொட்டையோ முளையைக் குழாய்போல் கீழே அனுப்பும். கருவையே அந்தக் குழாய்க்குள் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடும். மேலே வெயில் காயட்டும், தீ எரியட்டும், ஆடு மேயட்டும், குருத்து ஆழத்தில் பத்திரமாக இருக்கும். கொட்டையைப் பிளந்தால் பஞ்சுபோல் வெள்ளையாகத் தவுண் இருக்கும். பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே ஊட்டுவது அதுதான். அப்படி ஊட்டிச் சேர்த்த பனங்கிழங்கைத்தான் தைப்பொங்கலுக்குப் பிடுங்கி, அவித்து, நாரை உரித்துத் தின்கிறோம். வறட்சியைத் தாங்கத் தன் பிள்ளைக்கு மரம் கட்டிக் கொடுத்த சோறு அது. அதில் நமக்கும் பங்கு கிடைத்தது.

அப்புறம் பதநீர். என் தாத்தா காலையும் மாலையும் பனை ஏறியவர். நெஞ்சில் தோல் காய்த்துப்போய்க் கிடக்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன், மரப்பட்டை மாதிரியே இருக்கும். பாளையைத் தினமும் சீவாவிட்டால் பதநீர் நின்றுவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மரத்தின் போக்கை இவ்வளவு நெருங்கிப் படித்தவர்கள் பனையேறிகள். பாட்டி அந்தப் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினாள். அதை விற்ற காசில்தான் என் அப்பா பள்ளிக்கூடம் போனார்.

எதிரணி ஒன்று சொன்னது: "நெல்லை மனிதன் விதைக்கிறான், பனை தானாக முளைக்கிறது, அதில் உறவு எங்கே?" ஐயா, விதைப்பது மட்டுமா உறவு, காப்பதும் உறவுதான். பனைக்கு ஒற்றைக் குருத்து. தலையை வெட்டினால் வேம்புபோல் பக்கத்தில் துளிர்க்காது, அத்தோடு சரி. பாளை தள்ளப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஏற ஆள் இல்லை என்று அந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு விற்கிறோம். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் சட்டமன்றத்திலேயே சொல்ல வேண்டி வந்ததே, அது எனக்கு வலிக்கிறது.

எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், தெற்கு வேலியில் தாத்தா ஊன்றிய வரிசை இன்னும் நிற்கிறது. இடைவெளி விழுந்த இடத்தில் போன புரட்டாசியில் இருபது கொட்டை ஊன்றினேன். தீர்ப்பைப் பனைக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.