அட்டை வேறு, உதவித்தொகை வேறு

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால் மாதாமாதம் பணமும் தானாக வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. வராது. அட்டைக்கு ஒரு மனு, உதவித்தொகைக்கு வேறொரு மனு. இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்டை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். யுடிஐடி என்ற, நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிந்துவிட்டு, அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். எலும்புக்கு எக்ஸ்ரே, கைக்குழந்தையின் காதுக்கு, கேட்கும் திறனை அறியும் பெரா பரிசோதனையின் முடிவு, அறிவுசார் குறைபாட்டுக்கு ஐக்யூ எனும் நுண்ணறிவு மதிப்பீடு. ஒன்று விட்டுப்போனாலும் இன்னொரு நாள் அலைச்சல்.

விழுக்காட்டுக் கணக்கில்தான் மனத்தாங்கல் அதிகம். காலுக்கு 40, கண்ணுக்கு 30 என்றால் மொத்தம் 70 என்று வீட்டில் கூட்டி வைத்திருப்பார்கள். சான்றில் 57 என்று இருக்கும். மருத்துவர் குறைத்துவிட்டார் என்று கோபம் வரும். அவர் குறைக்கவில்லை, கணக்கே அப்படித்தான். பெரிய எண்ணை முதலில் வைப்பார்கள். கணக்குச் சூத்திரத்தில் 90 என்று ஒரு நிலையான எண் உண்டு; அதில் அந்த 40 போனால் மிச்சம் 50. 30-ஐ அந்த 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17. நாற்பதும் பதினேழும் 57. ஆனால் கண்ணைப் பற்றி நீங்கள் வாய் திறக்காவிட்டால், எலும்பு மருத்துவர் காலை மட்டும் பார்த்து 40 என்று எழுதி அனுப்பிவிடுவார். அந்தப் பதினேழு போயே போய்விடும். எல்லாக் குறைபாட்டையும் சொல்லி, அந்தந்த மருத்துவரிடம் காட்டுங்கள். சான்றை வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, விழுக்காடு, நிரந்தரமா தற்காலிகமா. தற்காலிகம் என்றால் முடியும் தேதியைக் குறித்துவையுங்கள்.

அட்டை வந்தாயிற்று. பணத்துக்கு, முன்பே சொன்னதுபோல, தனி மனு. அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரிவில் 75 விழுக்காடு வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிப்பு என்றால் 40 போதும். ஆதாரில் 'முருகேசன்', வங்கியில் 'கே. முருகேஷ்' என்றிருந்தால் பணம் நின்றுவிடும். மனுப் போடும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். வருவாய்த் துறை வழியாக வரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது. எதைப் பெறுகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

நேரம் நெருங்குகிறது, இரண்டே விஷயம். சான்றில் உள்ள விழுக்காடு தவறு என்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றோரே ஆனாலும் சட்டக் காப்பாளராக நியமனம் பெற, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள். வணக்கம்.