பூஜை குற்றமில்லை, பூட்டுதான் குற்றம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணனே, அக்காவே, ஆயுத பூஜை போட்டுப் பட்டறையைச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் காட்பாடிப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பைக் கேட்டதும் முன்வரிசைத் தாத்தா ஒருவர், "இது இன்னாம்மா கதை?" என்றார். அவருக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வார்ஹாமர் 40,000 என்று ஒரு விளையாட்டு. 1987-இல் இங்கிலாந்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனி கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரிலும் ஆடுகிறார்கள். கதை நடப்பது இன்னும் 38 ஆயிரம் வருடம் கழித்து. மனிதர்கள் எத்தனையோ கிரகங்களில் பரவி வாழும் ஒரு பேரரசு. ஆனால் அங்கே எந்திரத்தின் ரகசியம் எல்லாம் ஒரே கூட்டத்தின் கையில். செவ்வாய் கிரகத்தில் பீடம் வைத்திருக்கும் அடெப்டஸ் மெக்கானிக்கஸ். சிவப்பு அங்கி போட்ட பூசாரிகள். எந்திரத்தைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் ஓர் ஆவி உண்டு, அது கோபிக்காமல் இருக்கச் சாம்பிராணி, புனித எண்ணெய், மந்திரம். புதிதாக ஒன்றை யோசித்துச் செய்தால் மதத்துரோகம். இவர்கள் அந்தப் பேரரசைக் காத்தவர்களா, கெடுத்தவர்களா? கெடுத்தவர்கள் என்று சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "இன்றைக்கு நாமும்தான் லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?" நல்ல கேள்வி. நான் லேத்துப் பட்டறையில் வளர்ந்தவள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அண்ணே, கும்பிட்டதை நான் குறை சொல்லவே இல்லை. சோறு போடுகிற எந்திரத்தைக் கும்பிடாமல் வேறு எதைக் கும்பிடுவது? ஆனால் நாளைக் காலையில் அதே லேத்தின் மூடியைக் கழற்றி, ஆயில் கறுத்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போம். குங்குமம் வைத்த இடத்திலேயே ஸ்பானரை வைப்போம். அப்புறம் பக்கத்தில் நிற்கிற பையனைக் கூப்பிட்டு, "பார்டா, இது இதனால்தான் சுத்துது" என்று காட்டுவோம். செவ்வாய்ப் பூசாரி காட்ட மாட்டார்.

காட்டாத ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். என் நைனா பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். மரை, அதாவது திருகுப் புரி, வெட்டுவதில் அப்படி ஒரு கைச்சுத்தம். ஆனால் கியர் வீலை மாற்றும்போது எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிடுவார். எந்த மரைக்கு எந்த வீல் என்று லேத்தோடு வந்த தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கணக்கு அவர் சட்டைப் பையில், நாலாக மடித்த ஒரு சீட்டில் இருந்தது. ஒரு பெரிய வீலை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். "அது ராசியான வீல், தொடாதீங்க" என்பார். ஒருநாள் படுத்தார், எழவில்லை. சீட்டும் கிடைக்கவில்லை. போர்வெல் பைப்புக்கு அங்குலத்துக்கு 11 மரை வெட்டிக் கேட்டு வந்த விவசாயியை, லேத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விரித்து அனுப்பினோம்.

பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெட்டும் உளியை நகர்த்துகிற லீடு ஸ்க்ரூவில் ஓர் அங்குலத்துக்கு 4 மரை. வெட்ட வேண்டியது 11. இரண்டையும் ஐந்தால் பெருக்கினால், பைப்பைச் சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கம் 20 பல் வீல், லீடு ஸ்க்ரூ பக்கம் 55 பல் வீல். அவ்வளவுதான்! அப்புறம் துணியைப் பிரித்து அந்த ராசியான வீலின் பல்லை எண்ணினேன். 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட அந்த வீல் வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அழகான கணக்கை யாருக்கும் காட்டாமலே போய்விட்டாரே மனுஷன்!

இப்போது அந்தப் பேரரசைப் பாருங்கள் ஐயா. அங்கே பழைய காலத்தில் எஸ்.டி.சி. என்று ஒன்று இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால், செய்முறையை எடுத்துக் கொடுக்கும். இன்று முழுதாக ஒன்றுகூடக் கையில் இல்லை, துண்டு துண்டாகத் தேடி அலைகிறார்கள். படைவீரர்கள் இருவர் கொஞ்சம் கூரான, கொஞ்சம் லேசான கத்திக்கான செய்முறை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு கிரகம்! ஒரு கத்தியைத் திருத்தத் தெரிந்த கொல்லன் அத்தனை கிரகத்திலும் இல்லையா? இருந்திருப்பான். திருத்தினால் துரோகி என்றால் அவன் எப்படி வாயைத் திறப்பான்?

அவர்கள் சக்கரவர்த்தி 10 ஆயிரம் வருடமாக ஒரு பொற்சிம்மாசனத்தில் கிடக்கிறார், உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்த எந்திரம். அது இப்போது பழுதாகி வருகிறது, சரிசெய்யப் பூசாரிகளுக்குத் தெரியவில்லை. பேரரசே நம்பியிருக்கிற ஒரே எந்திரம் அது. எதிரணி "காத்தார்கள்" என்கிறது. இருண்ட காலத்தில் எந்திரங்களை நிற்காமல் ஓட்டினார்கள், அதை நான் மறுக்கவில்லை. மந்திரத்தோடு சேர்த்து எண்ணெய் விடும் முறையும் மனப்பாடமாக வந்தது. ஆனால் எதற்கு எண்ணெய் விடுகிறோம் என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அக்கா சொன்னது கனமான வாதம். சிந்திக்கும் எந்திரங்களான இரும்பு மனிதர்கள் முன்னொரு காலத்தில் மனிதர்கள் மீதே திரும்பினார்கள், அந்தப் பயத்தில்தான் எந்திர அறிவைப் பூட்டினார்கள் என்றார். பயம் நியாயம்தான். ஆபரேஷன் கத்தியை எல்லார் கையிலும் கொடுக்க முடியாது. சரி, நம் வேலூரில் என்ன செய்தார்கள்? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்த வேதனையோடு டாக்டருக்குப் படித்து வந்தார் ஐடா ஸ்கடர் அம்மையார். 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். கைராசிக்காரர் என்ற பேரோடு, வித்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டே அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அங்கே கட்டுப்பாடு உண்டு, பரீட்சை உண்டு. ஆனால் "ஏன்" என்று கேட்ட மாணவியை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்க அங்கே விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். அது மறைக்கும் முன்பே நட்சத்திர வெளிச்சம் சில நொடி மங்கியது. செவ்வாய்ப் பூசாரி என்றால் தொலைநோக்கியின் ஆவிக்குச் சாம்பிராணி போட்டிருப்பார். இவர்கள் ஏன் மங்கியது என்று கேட்டார்கள். முதலில் அதை ஒரு துணைக்கோள் என்று எழுதினார்கள். மற்ற இடங்களில் பதிவானதோடு சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. தப்பாகச் சொல்லவும் அதைத் திருத்தவும் அவர்களுக்கு இடம் இருந்தது.

மணியடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். அன்று கணக்குக் கிடைத்த ராத்திரியே நைனா பெயின்ட் டப்பாவை எடுத்தார். லேத்துக்கு மேலே சுவரில், எந்த மரைக்கு எந்த வீல் என்று முழு அட்டவணையும், கடைசியில் 127-க்கான காரணமும் எழுதச் சொன்னார். ரோட்டில் போகிறவருக்கே தெரியும், அவ்வளவு பெரிய எழுத்து. இன்றைக்குச் சாயங்காலம் லேத்துக்குச் சந்தனம் வைத்த கையோடு அந்தச் சுவருக்கும் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.